மகளுக்கு நெஞ்சு படபடக்கிறது, எக்கோ சரியாக இருக்கிறது: காரணம் என்ன?

கேள்வி: என் மகளுக்கு வயது 19, எடை 46 கிலோ. கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான்கைந்து மாதங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்கிறாள். விடுமுறையில் வந்தபோது எங்கள் ஊர் மருத்துவரிடம் காட்டினோம். இதயத்தில் லேசாக ஒரு சத்தம் கேட்கிறது என்று எக்கோ எடுக்கச் சொன்னார். எக்கோவில் குறை ஒன்றும் இல்லை. ஈசிஜியில் துடிப்பு 112 என்பது தவிர வேறொன்றும் இல்லை. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 99 காட்டியது. ஹீமோகுளோபின் மட்டும் 7.6. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்று நான்கு நாளில் நிறுத்திவிட்டாள். உறவினர் சொன்னதைக் கேட்டு, மருந்துக் கடையில் படபடப்புக்கு ப்ரோப்ரனோலால் 10 மி.கி. வாங்கி இரண்டு மூன்று முறை கொடுத்தேன். படபடப்பு அடங்கியது, ஆனால் எழுந்திருக்க முடியாமல் சோர்ந்து படுத்துவிட்டாள். மாதவிலக்கு ஏழெட்டு நாள் நீடிக்கும். இப்போதெல்லாம் ஊறவைத்த பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாள். இதயத்தில் ஓட்டை இருந்து எக்கோவில் தெரியாமல் போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றிவிட்டால் சரியாகிவிடாதா? படிப்பை நிறுத்தி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியுள்ள விவரங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளின் இதயம் நன்றாகவே வேலை செய்கிறது. இரத்தத்தில்தான் குறை இருக்கிறது; அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இதயம் வேகமாக அடிக்கிறது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு 'இரத்தசோகைதானே' என்று நீங்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 100 மி.லி. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்றும், 8-க்குக் கீழே போனால் கடுமையான இரத்தசோகை என்றும் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. உங்கள் மகள் இந்த இரண்டாவது வகையில் வருகிறார். இன்றே மருத்துவத்தைத் தொடங்க வேண்டிய நிலை இது.

இரத்தம் குறைந்தால் இதயம் ஏன் படபடக்க வேண்டும் என்பது விளங்கிவிட்டால், நீங்கள் கேட்டிருக்கும் மற்ற கேள்விகளுக்கும் அதிலேயே விடை கிடைத்துவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவரவர் மூடிய கைப்பிடி அளவே உள்ள இதயத்தில் நான்கு அறைகள் உண்டு. உடலெங்கும் சுற்றி ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வரும் இரத்தம் வலப்பக்க அறைகளுக்கு வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்படுகிறது. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட இரத்தம் இடப்பக்க அறைகளுக்குத் திரும்பி, இடது கீழறையின் தடித்த தசை சுருங்கும்போது மகாதமனி வழியாக உடல் முழுவதும் போகிறது. ஓய்வாக இருக்கும்போது, உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் இந்தச் சுற்றை ஒருமுறை முடித்துவிடுகிறது. இரத்தம் இப்படி ஒரே சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதை 1628-இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் சோதனைகளோடு ஒரு எளிய கணக்கையும் கொண்டு நிலைநாட்டினார். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் அளவைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால், மனிதன் உண்ணும் உணவிலிருந்து அவ்வளவு இரத்தம் புதிதாக உண்டாக வழியே இல்லை; ஆகவே பழைய இரத்தமேதான் திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவருடைய வாதம். உங்கள் மகளின் படபடப்பைப் புரிந்துகொள்ள நமக்கும் அதே பெருக்கல் போதும்.

அதற்கு முன் இரத்தத்தைப் பற்றி ஒரு சொல். 46 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் சுமார் 3 லிட்டர் இரத்தம் இருக்கும். அதில் பாதிக்குச் சற்று மேல் பிளாஸ்மா என்னும் மஞ்சள் நிற நீர்மம். மீதியில் மிகப் பெரும்பகுதி சிவப்பணுக்கள். நலமான பெண்ணின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் இருபுறமும் நடுவில் குழிந்த வட்டத்தட்டு வடிவம்; குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழெட்டுப் பங்கு. உடலின் மிகச் சிறிய நுண்குழாய்கள் சில இதைவிடக் குறுகலானவை. அவற்றுக்குள் சிவப்பணு தன்னை மடித்து, நசுக்கிக்கொண்டுதான் நுழைந்து போகிறது. உட்கருவைக்கூட இழந்துவிட்டு, தன்னுள் ஏறக்குறைய முழுவதையும் ஹீமோகுளோபினால் நிரப்பிக்கொண்ட அணு இது. ஆயுள் 120 நாள். முதிர்ந்தவற்றை மண்ணீரலும் கல்லீரலும் சிதைத்து, உள்ளிருக்கும் இரும்பை எடுத்து எலும்பு மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. மஜ்ஜை அந்த இரும்பைக் கொண்டு நொடிக்குச் சுமார் 20 லட்சம் என்ற கணக்கில் புதிய சிவப்பணுக்களை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உண்டு. ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்வது அந்த இரும்பின் மீதுதான். இரும்பு இல்லாவிட்டால் மஜ்ஜை எவ்வளவு உழைத்தாலும் சிறுத்து வெளிறிய அணுக்களையே அதனால் தர முடியும்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுமையாக நிரம்பினால் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். உங்கள் மகளின் ஹீமோகுளோபின் 13 ஆக இருந்திருந்தால், ஒரு லிட்டர் இரத்தம் சுமார் 174 மி.லி. ஆக்சிஜனைச் சுமந்திருக்கும். இப்போது 7.6 இருப்பதால் ஒரு லிட்டர் சுமப்பது 102 மி.லி. மட்டுமே. அவர் உடல்வாகுள்ள பெண்ணின் இதயம் நலமான நிலையில் ஒரு துடிப்புக்கு 56 மி.லி. வீதம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் 4 லிட்டர் இரத்தம் போகும். அதன் வழியே சுமார் 700 மி.லி. ஆக்சிஜன் உடலுக்குக் கிடைக்கும். இன்றைய நிலையிலும் அதே 4 லிட்டர்தான் போகிறது என்றால் கிடைப்பது சுமார் 410 மி.லி. இதயம் துடிப்பை 112 ஆக உயர்த்தி, ஒவ்வொரு துடிப்பிலும் சற்றே கூடுதலாக 60 மி.லி. தள்ளினால் நிமிடத்துக்கு 6.7 லிட்டர் ஆகிறது. அதை 102 ஆல் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 685 மி.லி. பழைய 700-க்கு ஏறத்தாழச் சமமாக வந்துவிட்டது. உண்மையில் உடல் இதோடு வேறு சில வழிகளிலும் ஈடுகட்டுகிறது. சிவப்பணுக்கள் திசுக்களில் ஆக்சிஜனை வழக்கத்தைவிட எளிதாக விட்டுக்கொடுக்கத் தொடங்கும், திசுக்களும் இரத்தத்திலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆகவே இது எளிமையாக்கிய கணக்குத்தான். ஆயினும் ஈசிஜியில் நீங்கள் கண்ட அந்த 112 எங்கிருந்து வந்தது என்பதை இது தெளிவாகவே காட்டுகிறது.

மாடிப்படியில் என்ன நடக்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் உடல் நிமிடத்துக்குச் செலவிடும் ஆக்சிஜன் 180 மி.லி. அளவில்தான் இருக்கும். புத்தகப் பையோடு விடுதியின் மூன்றாவது மாடிக்கு ஏறும்போது தொடைத் தசைகள் அதைப்போல் நான்கைந்து மடங்கு கேட்கும். நலமான பெண்ணின் இதயம் அதை அலட்சியமாகக் கொடுத்துவிடும். துடிப்பை 72-லிருந்து 180 வரைகூட ஏற்றிக்கொள்ள அதற்கு இடம் இருக்கிறது. உங்கள் மகளின் இதயமோ ஏறத் தொடங்கும் முன்பே 112-இல் நிற்கிறது. தேவை கூடக் கூட, கையிருப்பாக இருந்த வேகம் விரைவில் தீர்ந்து, தசைகள் ஆக்சிஜன் போதாமல் அமிலத்தைச் சேர்க்கின்றன. அந்த அமிலத்தை வெளியேற்ற மூச்சு இரைக்கிறது, கால்கள் கனக்கின்றன. 'சோம்பல்', 'உடற்பயிற்சி இல்லை' என்று சொல்லி இந்த வயதுப் பெண்களை நாம் கடிந்துகொள்வதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. அந்தப் பெண்ணின் இதயம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே ஓடிக்கொண்டிருக்கிறது.

விரல் கருவியில் 99 வந்தது எப்படி என்ற குழப்பம் உங்களுக்கு மட்டுமல்ல, கொரோனா காலத்தில் அந்தக் கருவியை வாங்கி வைத்திருக்கும் பல குடும்பங்களுக்கும் உண்டு. அது காட்டுவது, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஓடுகிற பேருந்துகளில் எல்லா இருக்கைகளும் நிரம்பியிருப்பதால் ஊருக்குப் போதுமான பேருந்துகள் ஓடுகின்றன என்று ஆகிவிடாது அல்லவா? நுரையீரல் நன்றாக இருப்பதால் உங்கள் மகளுக்கு 99 வருகிறது. இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க அந்தக் கருவி பயன்படாது.

அடுத்து, மருத்துவர் கேட்ட அந்தச் சத்தம். இரத்தம் அடர்த்தி குறைந்து, வேகமாகவும் ஓடும்போது, மகாதமனியின் வாயிலிலும் நுரையீரல் தமனியின் வாயிலிலும் ஓட்டம் சீராக இல்லாமல் சுழித்துப் போகிறது. அந்தச் சுழிப்பு ஸ்டெதஸ்கோப்பில் மெல்லிய ஊதலாகக் கேட்கும். இரத்தசோகையிலும், காய்ச்சலிலும், கர்ப்ப காலத்திலும், தைராய்டு மிகையாகச் சுரக்கும்போதும் குறையற்ற இதயத்தில் இதைக் கேட்கலாம். ஆனாலும் எக்கோ எடுக்கச் சொன்னது மிகச் சரியான முடிவு. காதால் கேட்டதை வைத்து மட்டும் விட்டுவிடாமல் உறுதிசெய்துகொண்டார் உங்கள் மருத்துவர். இந்த வயதில் படபடப்பும் மூச்சிரைப்பும் உண்டாக்கும் அளவுக்கு மேலறைகளுக்கு இடையே ஓட்டை இருந்தால், பல ஆண்டுகளாகக் கூடுதல் இரத்தத்தைத் தாங்கியதில் வலப்பக்க அறைகள் விரிந்து போயிருக்கும். அது எக்கோவில் தெரியாமல் போவது மிக அரிது. வால்வுக் குறையும் அப்படித்தான். அறைகளின் அளவும், வால்வுகளும், தசையின் சுருங்கும் திறனும் சரியாக இருக்கின்றன என்று அறிக்கை சொன்னால் ஓட்டையைப் பற்றிய பேச்சை இத்தோடு விட்டுவிடலாம். ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டிய பிறகு ஒருமுறை மருத்துவரிடம் காட்டி நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் அந்தச் சத்தம் இருந்தால் மட்டும் மறுபடி எக்கோ எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

ப்ரோப்ரனோலால் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை இனிக் கொடுக்காதீர்கள். அது நல்ல மருந்துதான். ஒற்றைத் தலைவலிக்கும், தைராய்டு மிகைச் சுரப்புக்கும், வேறு சில நோய்களுக்கும் நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். இதயத் துடிப்பைக் குறைப்பது அதன் வேலை. மேலே போட்ட கணக்கில் 112 என்ற எண்ணை எடுத்துவிட்டு 75 என்று வைத்துப் பாருங்கள். உடலுக்குப் போகும் ஆக்சிஜன் சட்டென்று மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அன்று படபடப்பு அடங்கியதும் உங்கள் மகள் எழுந்திருக்க முடியாமல் படுத்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை கடுமையான மூச்சுத்திணறலையும் உண்டாக்கக்கூடும். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெண் தவிக்கிறாளே என்ற பதைப்பில்தான் கொடுத்தீர்கள். ஆனால் மருந்துச்சீட்டு இல்லாமல் இந்த மாத்திரையைக் கேட்டு வாங்கும் வழக்கம் பரவிவருவது எனக்குக் கவலை தருகிறது. துடிப்பு ஏன் கூடியிருக்கிறது என்று தெரியாமல் துடிப்பைக் குறைக்கக் கூடாது.

அப்படியானால் இதயம் இப்படியே ஓடட்டும் என்று விட்டுவிடலாமா என்றால், கூடாது. இதயத் தசைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மற்ற உறுப்புகள் தங்களிடம் வரும் ஆக்சிஜனில் கால் பங்கு அளவுதான் எடுத்துக்கொள்கின்றன. தேவைப்பட்டால் இன்னும் எடுக்கலாம். இதயத் தசையோ ஓய்வு நேரத்திலேயே தனக்கு வருவதில் சுமார் 70 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இரத்தம் வெளிறும்போது தன் இரத்தக் குழாய்களில் ஓட்டத்தைக் கூட்டிக்கொள்வது ஒன்றே அதற்குள்ள வழி. அதிலும் இடது கீழறையின் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடையே அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் போகிறது. துடிப்பு கூடக் கூட அந்த இடைவெளி சுருங்குகிறது. 19 வயது இதயம் இதைச் சில மாதங்கள் தாங்கும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தாலோ, ஹீமோகுளோபின் 5, 4 என்று இறங்கினாலோ, அறைகள் விரிந்து, கால் வீங்கி, இதயச் செயலிழப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது, நெஞ்சுவலி, மயங்கி விழுவது, கணுக்கால் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் நாளை பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இவ்வளவு இரும்பு எங்கே போனது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்தப் பச்சரிசி. அரிசி, சாம்பல், பல்பம், செங்கல் தூள், ஐஸ் கட்டி என்று ஏதாவது ஒன்றை அடக்க முடியாமல் தின்னும் இந்த வேட்கை இரும்புக் குறைபாட்டில் அடிக்கடி காணப்படும் ஒன்று. பெண்கள் இதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். பல நேரங்களில் தாய்மார்கள்தான் சொல்வார்கள். இரும்பு ஏறத் தொடங்கினால், ஹீமோகுளோபின் முழுதாக உயரும் முன்பே இந்த வேட்கை நின்றுவிடுவதை நீங்களே காண்பீர்கள். மற்றது, மாதவிலக்கு. ஒரு மாதவிலக்கில் 30 முதல் 40 மி.லி. வரை இரத்தம் போவது வழக்கம், 80 மி.லி.யைத் தாண்டினால் மிகை. ஒரு மி.லி. இரத்தத்தோடு அரை மி.கி.க்குச் சற்றுக் குறைவான இரும்பு வெளியேறுகிறது. ஆக 80 மி.லி. போனால் ஒரு மாதத்தில் 35 மி.கி. இரும்பு இழப்பு. இதை நாளுக்குப் பங்கிட்டு, தோல், குடல் வழியாக அன்றாடம் உதிரும் சுமார் 1 மி.கி.யோடு சேர்த்தால், ஒவ்வொரு நாளும் 2 மி.கி.க்கு மேல் இரும்பு உடலுக்குள் சேர வேண்டும். சோறும் சாம்பாருமான விடுதிச் சாப்பாட்டில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் குடலில் உறிஞ்சப்படுவதில்லை. சாப்பிட்ட கையோடு டீயும் குடித்தால் அதுவும் குறைகிறது. மாதாமாதம் விழும் இந்தத் துண்டு மூன்று நான்கு ஆண்டுகளில் சேமிப்பை முழுவதும் கரைத்துவிடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த துன்பம் இல்லை இது.

ஆகவே ஒரு மகப்பேறு, மகளிர் நல மருத்துவரைப் பார்ப்பது மருத்துவத்தின் ஒரு பகுதிதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, இரவில் எழுந்து மாற்றுகிறாரா, கட்டி கட்டியாகப் போகிறதா என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். வயதுக்கு வந்த நாளிலிருந்தே மிகையாகப் போய்க்கொண்டிருந்தால், பல் பிடுங்கியபோதோ சிறு காயம் பட்டபோதோ இரத்தம் நிற்க நேரமானதுண்டா என்பதையும் சொல்லுங்கள். இரத்தம் உறைவதற்குத் தேவையான வான் வில்பிராண்ட் காரணி என்ற புரதம் பிறவியிலேயே குறைவாக இருக்கும் பெண்களுக்கு, மாதவிலக்கு மிகையே முதல் அறிகுறியாக இருப்பதுண்டு. இதற்கும் தைராய்டுக்கும் பரிசோதனைகள் உள்ளன. போக்கைக் குறைக்க நல்ல மருந்துகளும் உள்ளன. போக்கைக் கட்டுப்படுத்தாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் ஆறே மாதத்தில் மறுபடி இதே இடத்துக்கு வந்து நிற்போம்.

இரத்தம் ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைய நிலையில் தேவையில்லை என்பதே என் கருத்து. ஒரு அலகு இரத்தம் ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் உயரும்; இரண்டு பாட்டில் ஏற்றினாலும் 9.6-இல்தான் நிற்பார். அந்த இரத்தத்தோடு ஓரளவு இரும்பு வரும். ஆனால் காலியான சேமிப்பை நிரப்ப அது போதாது. ஏற்கெனவே வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தின் மீது திடீரென்று கூடுதல் நீர்மத்தை ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இன்னொருவருடைய அணுக்களுக்கு எதிராக அவர் உடலில் எதிர்ப்பொருள்கள் உருவானால், நாளைக்குப் பிரசவத்தின்போது அது சிக்கலாகலாம். இரத்தக் கசிவு கட்டுக்கடங்காமல் போனாலோ, நான் மேலே சொன்ன அபாய அறிகுறிகள் தெரிந்தாலோ, உடனே அறுவை செய்ய நேர்ந்தாலோ அப்போது தயங்காமல் ஏற்ற வேண்டும். அந்த முடிவை நேரில் பார்க்கும் மருத்துவர் எடுப்பார்.

அவருக்குத் தேவை இரும்பு. எவ்வளவு என்பதையும் கணக்கிட முடியும். 7.6-லிருந்து 13-க்கு உயர்த்தச் சுமார் 550 முதல் 600 மி.கி., காலியான சேமிப்பை நிரப்ப இன்னொரு 500 மி.கி., ஆக மொத்தம் 1,000 மி.கி.க்கு மேல் உடலுக்குள் போய்ச் சேர வேண்டும். இதைச் சாப்பாட்டால் மட்டும் ஈடுசெய்ய நினைத்தால் ஆண்டுகள் ஆகும். நான்கு நாளில் மாத்திரையை நிறுத்தியதைப் பற்றி மகளைத் திட்ட வேண்டாம். வயிற்றைப் பிரட்டுவது மிகப் பலருக்கு நேர்வதுதான். ஒருமுறை மாத்திரை போட்டதும் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, அடுத்த ஒரு நாளைக்குக் குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது என்பது இப்போது தெரியவந்துள்ளது. அதனால் தினமும் இரண்டு வேளை என்பதற்குப் பதிலாக நாளுக்கு ஒருமுறை, அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கொடுத்தாலும் நல்ல பலன் கிடைக்கிறது. வயிற்றுத் தொல்லையும் குறைகிறது. இதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்கு உறிஞ்சப்படும். முடியவில்லையென்றால் சாப்பாட்டோடு போடுவது, போடாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சல் மாத்திரை ஆகியவற்றை இதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டியதில்லை.

மாத்திரை அடியோடு ஒத்துக்கொள்ளாவிட்டால் இரத்தக் குழாய் வழியாக இரும்பு மருந்து ஏற்றலாம். இன்றுள்ள மருந்துகளில் ஓரிரு தவணைகளிலேயே முழுத் தேவையையும் ஈடுசெய்துவிட முடிகிறது. ஒவ்வாமை வந்தால் உடனே பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனையில் மட்டும் அதைச் செய்துகொள்ளுங்கள்.

மாத்திரையை மறுபடி தொடங்குவதற்கு முன் இரத்தத்தில், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும், சிவப்பணுக்களின் சராசரி அளவையும் பார்த்துவிடுவது நல்லது. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்பது உறுதி. ஃபெரிட்டின் சரியாக இருந்தும் அணுக்கள் சிறுத்திருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ஹீமோகுளோபின் குறைபாட்டின் கூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அணுக்கள் பெருத்திருந்தால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைபாடாக இருக்கலாம். கடந்த ஆறு மாதங்களில் குடற்புழு மாத்திரை போடவில்லையென்றால் அதையும் ஒருமுறை கொடுத்துவிடலாம். கொக்கிப்புழுக்கள் குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சுபவை.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பீட்ரூட்டும் மாதுளையும் கூடை கூடையாக வீட்டுக்கு வரத் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல உணவுகள்தான், ஆனால் நிறம் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறிவிடாது, இரண்டிலும் இரும்பு சொற்பமே. அசைவம் சாப்பிடும் குடும்பம் என்றால் நம் ஊரில் சுவரொட்டி என்று சொல்லும் ஆட்டு மண்ணீரலை வாரம் ஒருமுறை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். முதிர்ந்த சிவப்பணுக்களைச் சிதைத்து இரும்பை மீட்டெடுக்கும் உறுப்பு அது என்று முன்பே சொன்னேன்; ஈரலைவிடவும் அதில் இரும்பு மிகுதி. இரத்தம் குறைந்தவர்களுக்குச் சுவரொட்டி கொடுக்கச் சொன்ன நம் பாட்டிமார்களின் பழக்கத்தை நான் மனமார மதிக்கிறேன். சைவமென்றால் கீரை, எள், கொண்டைக்கடலை, பயறு வகைகளோடு நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்றை அதே வேளையில் சேர்க்க வேண்டும். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். இவையெல்லாம் மாத்திரைக்குத் துணைதான்; மாத்திரைக்கு மாற்று இல்லை.

மருத்துவம் பலனளிக்கிறதா என்று எப்போது தெரியும்? முதல் பத்து நாட்களுக்குள் மஜ்ஜையிலிருந்து இளம் சிவப்பணுக்கள் பெருகி வெளிவரத் தொடங்கும். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தது 1 கிராம், பெரும்பாலும் 2 கிராம் உயர்ந்திருக்க வேண்டும். உயரவில்லையென்றால் மாத்திரையை விட்டுவிட்டாரா, போக்கு நிற்கவில்லையா, வேறு காரணமா என்று மருத்துவர் தேட வேண்டும். அளவு 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அதன் பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும்.

படிப்பை நிறுத்த வேண்டியதே இல்லை. அடுத்த சில வாரங்களுக்கு மட்டும் ஓட்டம், விளையாட்டு, சுமை தூக்குவது ஆகியவை வேண்டாம். விடுதிக் காப்பாளரிடம் மருத்துவச் சான்றைக் காட்டிக் கேட்டால் தரைத்தளத்தில் அறை மாற்றித் தருவார்கள். இதய நோயாளி என்று உறவினர்கள் பேசிக்கொண்டிருந்தால், எக்கோ அறிக்கையைச் சுட்டிக்காட்டி அந்தப் பேச்சை நீங்களே நிறுத்திவிடுங்கள். அதைக் காதில் வாங்கும் பெண்ணுக்குப் பயத்திலேயே துடிப்பு இன்னும் கூடும். ஊருக்கு அனுப்பும்போது மூன்று மாதத்துக்கான மாத்திரையோடு, கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை, எக்கோ அறிக்கைகளின் நகலையும் அவர் பையில் வைத்து அனுப்புங்கள். கோவையில் திடீரென்று ஒரு மருத்துவரிடம் போக நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.